பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

எங்கள் ஆய்வுப் பிரிவில் இனி யாரும் படி ஏறத் தேவையில்லையாம். ரெலிபோனுக்கு ஒரு லிங்க் போகும், ஆட்கள் விரலால் தட்டிப் பதில் சொல்வார்கள், அலுவல் முடிந்தது. இந்த நல்ல செய்தியை எனக்கு அறிவித்தவர் கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே அரசறிவியல் படிக்கும் நிவேதா. "அங்கிள், ரிட்டயர் ஆகி ஃப்ரீயாதான இருக்கீங்க? பழைய ஃபீல்டு வொர்க் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. மேனுவல்ல போடணும். பாயின்ட் பாயின்ட்டா இருந்தா நல்லாருக்கும்" என்றார். இருபது வருடத்துக்கு மேலாக மொன்றியல் நகரத்தின் வெளிப்படிக்கட்டுகளில் முழங்காலைத் தேய்த்தவன் நான். அதைப் பாயின்ட் பாயின்ட்டாக எழுத எனக்கு மனம் வரவில்லை. மேனுவலுக்கு அவரே ஏதாவது எழுதிக்கொள்ளட்டும்.

என் வேலை என்னவென்று எங்கள் ஆட்களில் யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. கல்யாண வீடுகளில் கேட்டால் என் மனைவி "அவர் யூனிவெர்சிற்றியிலை" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார். கேட்டவர் நான் விரிவுரையாளர் என்று நினைத்து மரியாதையாக நகர்ந்து இடம் தருவார். நானும் திருத்தியதில்லை. உண்மையில் நான் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, அச்சடித்த கேள்விகளை வாசித்து, பதிலை எழுதிக்கொண்டு வருபவன். அந்தக் கேள்விகளின் சொந்தக்காரி பேராசிரியர் மிரேய்.

அவர் கரீபியன் தீவான ஹெய்ட்டியில் பிறந்து, சின்ன வயதில் மொன்றியலுக்கு வந்தவர். கறுப்பின மக்கள் ஒரு நகரத்துக்கு வந்து குடியேறும்போது அந்த நகரத்தின் அரசியல் என்ன ஆகிறது, வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்த அரசியல் என்ன ஆகிறது என்பதுதான் அவருடைய ஆயுட்காலக் கேள்வி. ஹெய்ட்டிக்காரர், கொங்கோக்காரர், கமரூன்காரர் என்று எல்லாரிடமும் கேட்டார். இதற்குள் ஒரு யாழ்ப்பாணத்தான் எப்படி நுழைந்தான் என்று நீங்கள் கேட்பது நியாயம்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நான் வேலை செய்த தையல் தொழிற்சாலை மூடப்பட்டபோது, கூட வேலை செய்த ஒரு கொங்கோக்காரர் பேராசிரியரின் விலாசத்தைத் தந்தார். போனேன். வெளியே ஜூன் மாத வெயில். அறைக்குள் அவர் முழங்கால் வரை குளிர்ச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். ஏசி தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். பேசியதெல்லாம் பிரெஞ்சில். அதை என்னால் என் ஊர்த் தமிழில்தான் எழுத முடிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஹெய்ட்டி எங்கை இருக்கு, தெரியுமோ?"

"ஆபிரிக்காவிலை" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்தெரெஸ்ஸான்" என்றார். சுவாரசியம் என்று அர்த்தம். கோபம் வந்தாலும், ஒருவரை மட்டம் தட்டினாலும், மனம் குளிர்ந்தாலும் அவர் சொல்வது இந்த ஒரே சொல்லைத்தான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

"எங்கடை ஹெய்ட்டி ஆள் ஒருத்தரை அனுப்பினா, எந்த ஊர், ஆரின்ரை குடும்பம், எந்தக் கட்சி எண்டு அவையள் திருப்பிக் கேப்பினம். வெள்ளைக்காரரை அனுப்பினா, எல்லாம் நல்லாயிருக்கு எண்டு சொல்லிக் கதவைச் சாத்துவினம். உங்களுக்கு ஒண்டும் தெரியாது. அதாலை எல்லாத்தையும் ஆறுதலா விளங்கப்படுத்துவினம். திங்கக்கிழமை வாங்கோ."

படிப்புக்காக வேலை கிடைத்தவர்கள் பலர். படிக்காததற்காக வேலை கிடைத்தவன் நான்.

மூன்று கிழமை பயிற்சி. அதில் இரண்டு கிழமை என் தலையோடு போராட்டம். நாங்கள் கதை கேட்கும்போது தலையை ஆட்டாமல் இருக்க மாட்டோம் அல்லவா? நான் ஆட்டுவதைப் பார்த்தால் சிலர் "ஓம் என்கிறான்" என்றும் சிலர் "இல்லை என்கிறான்" என்றும் நினைத்துப் பதிலை மாற்றுகிறார்களாம். பேராசிரியர் என் தலையில் ஒரு மெல்லிய புத்தகத்தை வைத்து, முன்னால் உட்கார்ந்து கண்டபடி பொய் சொல்லுவார். நான் புத்தகம் விழாமல் எழுத வேண்டும். வீட்டில் பழகியபோது மனைவி பார்த்துவிட்டு, "உங்களுக்கு அங்கை என்ன, பரதநாட்டியமோ பழக்கினம்?" என்று கேட்டார்.

மற்ற விதிகள் இலகு. வீட்டில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும். அவர் வாய் திறக்காத ஆளாக இருந்தாலும் ஆள் மாற்றக் கூடாது. கேள்வியை அச்சடித்தபடி வாசிக்க வேண்டும். தாளில் இலக்கம் மட்டும், பெயர் பேராசிரியரின் பூட்டிய அலுமாரியில். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் ஒரு பெட்டி இருக்கும்: "நேர்காணலின்போது வேறு யாராவது பக்கத்தில் இருந்தார்களா?" இதை நிரப்ப வேண்டியவன் நான். "ஆம்" என்று கோடு போட்டால் தாள் செல்லாது, திரும்பவும் போக வேண்டும்.

தேர்தல் காலங்களில் வேலை நல்ல வேடிக்கையாக இருக்கும். ஒருமுறை ஒரு வேட்பாளர் ஒரு ஹெய்ட்டித் தேவாலயத்தின் நிலவறைக்கு வந்து, பொரித்த பன்றி இறைச்சியை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டு, தான் சிறு வயதிலிருந்தே ஹெய்ட்டியை நேசிப்பதாகச் சொன்னார். அடுத்த கிழமை அதே மனிதர் எங்கள் கோயிலில் பொன்னாடையோடு நின்று, சிறு வயதிலிருந்தே தமிழரை நேசிப்பதாகச் சொன்னார். அவருடைய சிறு வயது முழுக்க நேசிப்பதிலேயே போயிருக்க வேண்டும். என்னைக் கண்டதும் ஒரு கணம் திகைத்தார். நான் பயிற்சி பெற்றவன், தலையை ஆட்டவில்லை.

இனி ரொஸ்லினின் கதை. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அமெரிக்காவிலிருந்து தெற்கு எல்லையால் ஆட்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே வந்துகொண்டிருந்த காலம் அது. வந்தவர்களில் ஹெய்ட்டிக்காரர் நிறையப் பேர். புதிதாக வந்தவர்கள் தங்கள் அரசியலைக் கொண்டுவருகிறார்களா, விட்டுவிட்டு வருகிறார்களா என்று பேராசிரியர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு வில்லரே பகுதி. பெப்ரவரி மாதம். வில்லரே வீடுகளின் படிக்கட்டுகள் வெளியே, வளைந்து, பனிக்கட்டி பூசியபடி இருக்கும். அதில் ஒருமுறை ஏறி இறங்கினால் குலதெய்வம் எல்லாம் ஞாபகம் வரும்.

ரொஸ்லின் தன் அக்காவின் புருஷன் வில்னேர் வீட்டில், இரண்டாம் மாடியில், ஒரு சின்ன அறையில் இருந்தார். அடுத்த பிறந்தநாள் அவருக்குத்தான். அவருக்குப் பிரெஞ்சு குறைவு, வீட்டுப் பாஷை கிரயோல். வில்னேர் "நான் மொழிபெயர்க்கிறன்" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கிரயோல் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வேறொரு நாள் வருகிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பொரித்த வாழைக்காயும் சூடான கோப்பியும் முன்னால் வந்துவிட்டன. ஒரு மனிதனை அவனுடைய வீட்டிலேயே "கொஞ்சம் வெளியிலை போங்கோ" என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. எனக்கும் வரவில்லை. கேட்கத் தொடங்கினேன்.

பதினாலாம் கேள்வி: "உங்கள் பிறந்த நாட்டில் அரசியல் கூட்டம், சங்கம், ஊர்வலம் எதிலாவது பங்குபற்றினீர்களா?" வில்னேர் மொழிபெயர்த்த கையோடு தானே சிரித்து, "அவவுக்கு அரசியல் தெரியாது" என்றார். ரொஸ்லின் மெதுவாக "நோன்" என்றார். நான் "இல்லை" என்று எழுதினேன். கடைசிப் பெட்டியிலும் "இல்லை" என்றே கோடு போட்டேன். பக்கத்தில் இருந்தவர் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து ரொஸ்லின் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார். கையில் நான் கொடுத்த சம்மதப் படிவத்தின் பிரதி, நாலாய் மடித்தபடி. பேராசிரியர் அப்போது வகுப்பில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பிரெஞ்சை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார்.

"மூண்டு கிழமையிலை எனக்கு அகதி விசாரணை. உங்கடை பேப்பரிலை அரசியலுக்கு நான் என்ன சொன்னனான்? இல்லையெண்டுதானே?"

"ஏன் கேக்கிறியள்?"

"அங்கையும் அதையே சொல்லவேணும். மாத்திச் சொன்னாப் பிழைச்சுப்போகும்."

மெல்ல மெல்லக் கேட்டேன். அவருடைய ஊரில் சந்தையில் யாவாரம் செய்யும் பெண்களின் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். சந்தையில் கப்பம் வாங்கிய ஆயுதக்காரருக்கு எதிராகக் கூட்டம் வைத்தார், ஊர்வலம் போனார். கடையை எரித்தார்கள், பிறகு ஆளைத் தேடினார்கள். அவருடைய வழக்கறிஞர் எழுதிக் கொடுத்திருக்கும் முழு வழக்கும் இதுதான். விசாரணையில் போய் "எனக்கு அரசியல் இல்லை" என்று அவர் சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ஊருக்கு அனுப்புவார்கள். ஊரில் அந்த ஆயுதக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வேறு யாராவது என்றால் இதை மடத்தனம் என்று சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொல்ல முடியவில்லை. நான் கனடாவுக்கு வந்தபோது ஆளனுப்பும் ஏஜென்சிக்காரன் படிப்பித்த ஒரே பாடம் இதுதான்: ஓரிடத்தில் சொன்னதை எல்லா இடத்திலும் சொல்லு. விமான நிலையத்தில் பதட்டத்தில் பிறந்த வருடத்தை இரண்டு வருடம் பிந்திச் சொல்லிவிட்டேன். என் அகதி விசாரணையிலும் அதையே சொன்னேன். கடவுச்சீட்டிலும் அதுதான். அதனால் என் வயதுக்காரர் எல்லாரும் ஓய்வு பெற்ற பிறகும் நான் இரண்டு வருடம் படி ஏறினேன். நான் இழந்தது இரண்டு வருடம். இந்தப் பெண் அதே பாடத்துக்காக உயிரைக் கொடுக்கப் பார்க்கிறார்.

"அந்தப் பேப்பர் அங்கை போகாது. இது யூனிவெர்சிற்றி, அரசாங்கம் இல்லை" என்றேன்.

"அரசாங்கம் எனக்குத் தந்த கடிதத்திலையும் இதே பூப் படம்தானே போட்டிருக்கு" என்றார். படிவத்தின் தலைப்பைக் காட்டினார். உண்மைதான், லில்லிப் பூ இருந்தது. அது எங்கள் கியூபெக் மாகாணத்தின் சின்னம், பால் பெட்டியிலும் இருக்கும். அதைச் சொன்னால் பாலையும் சந்தேகிப்பார் என்று விட்டுவிட்டேன்.

"அப்ப நான் அதைக் கிழிச்சுவிடுறன்" என்றேன்.

"கிழிச்சா, ஏன் கிழிச்சது எண்டு கேப்பினம்" என்றார். என் சொந்த மூளையோடு கதைப்பது போல இருந்தது.

பேராசிரியர் வந்தார். இருவரும் கிரயோலில் பேசினார்கள். பிறகு பேராசிரியர் ரொஸ்லினை வெளியே இருத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"தாளை அழிக்கச் சொல்லிக் கேக்க அவவுக்கு உரிமை இருக்கு. நான் அழிப்பன். ஆனா அழிச்சன் எண்டு சொன்னா நம்பமாட்டா. இல்லையெண்டதை ஓம் எண்டு மாத்திறதுக்கு எனக்கு உரிமை இல்லை. முதல் நேர்காணல் விதிப்படி நடக்கேல்லையெண்டால் மட்டும்தான் திரும்ப எடுக்கலாம்." கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "விதிப்படி நடந்ததோ, மெஸ்யூ சிவா?"

ஒரு தாளைப் பற்றி உண்மை சொன்னால் மற்றத் தாள்களையும் கேட்பார் என்று தெரியும். வில்லரேயில் நான் கோப்பி குடிக்காத வீடு குறைவு. அவருடைய புத்தகத்தின் நடு அத்தியாயம் அந்தத் தாள்களின் மேல்தான் நின்றது. வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. கதவுக்கு வெளியே ரொஸ்லின் குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் இருந்தார்.

"இல்லை. அக்காவின்ரை புருஷன் பக்கத்திலை இருந்தவர்" என்றேன்.

"அந்தெரெஸ்ஸான். வேறை எத்தினை வீட்டிலை?"

"கன வீட்டிலை."

சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "எழுதித் தாங்கோ. உங்கடை கையெழுத்திலை" என்றார். எழுதினேன். என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய மிகச் சிறிய, மிக நீளமான கடிதம் அது. அவர் வாசித்து, கோப்பில் வைத்து, என் வில்லரேப் பெட்டிகள் முழுவதையும் அலுமாரியிலிருந்து இறக்கினார். அச்சுக்குப் போக இருந்த அத்தியாயத்தை எடுத்து, பச்சைப் பேனாவால் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது. அவர் கவனிக்காததுபோல் மேசையில் இருந்த வாழைக்காய்ச் சிப்ஸ் ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

இப்போது ஒரு பிரச்சினை. ரொஸ்லின் வேறிடத்தில் பேச மாட்டேன் என்றுவிட்டார். போன வழி வந்த வழி எல்லாம் வில்னேர் கேட்பாராம். வீட்டிலேயே வைத்துக் கேட்க வேண்டும். அப்படியானால் வில்னேரைக் கதிரையிலிருந்து எழுப்ப வேண்டும். அதற்கான வழியைக் கண்டுபிடித்தது நான்தான், பெருமையாகவே சொல்கிறேன். நகரசபைச் சேவைகளைப் பற்றிய வேறொரு ஆய்வின் கேள்வித்தாள் எங்கள் பிரிவில் இருந்தது. குப்பை, வாகனத் தரிப்பிடம், பனி அள்ளுதல். உண்மையான ஆய்வு, உண்மையான தாள். மொன்றியலில் பனி அள்ளுவதைப் பற்றி ஒரு ஆம்பிளையிடம் கருத்துக் கேட்டால் அவர் எழும்பி எங்கே வேண்டுமானாலும் வருவார். பேராசிரியர் யோசித்துப் பார்த்துவிட்டு "அந்தெரெஸ்ஸான்" என்றார். இந்தமுறை அது பாராட்டு.

விசாரணைக்கு ஒரு கிழமை இருக்க இரண்டு பேரும் போனோம். பேராசிரியர் ரொஸ்லினோடு சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் வில்னேரை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"பனி அள்ளும் சேவையில் உங்களுக்குத் திருப்தியா?" என்று வாசித்தேன்.

"திருப்தியோ? என்ரை காரை அவங்கள் மூண்டு தரம் மூடினவங்கள்!" என்று தொடங்கினார். கை காட்டினார், ஜன்னலால் காரைக் காட்டினார். நான் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அறைக்குள்ளிருந்து ரொஸ்லினின் குரல் கேட்டது. முதலில் மெல்ல. பிறகு நிற்காமல். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அது "எனக்கு அரசியல் தெரியாது" என்று சொல்லும் குரல் இல்லை. கூட்டத்துக்கு முன்னால் நின்று பழகிய குரல்.

வில்னேர் பேச்சை நிறுத்திக் கதவைப் பார்த்தார். "உவ என்ன இவ்வளவு கதைக்கிறா?"

"பனி உருக வீதியில் உப்புப் போதுமான அளவு தூவப்படுகிறதா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவில்லை. கொஞ்சம் பொறுத்துத் தணிந்த குரலில் சொன்னார்: "எனக்கு அங்கை ரெண்டு தம்பிமார் இருக்கினம். இஞ்சை கதைக்கிறது அங்கை போகும். அதுதான் இந்த வீட்டிலை அரசியல் கதைக்கிறேல்லை. நான் கெட்டவன் இல்லை."

"தெரியும்" என்றேன். உண்மையாகவே தெரியும். எங்கள் வீடுகளிலும் அதே சட்டம்தான் இருந்தது.

"உப்பு போதாது" என்றார் அவர். எழுதிக்கொண்டேன்.

அன்று வெளியே வந்து, படிக்கட்டின் கீழே வைத்து, பேராசிரியர் பழைய தாளை ரொஸ்லினின் கையிலேயே கொடுத்தார். அவர் அதைக் கிழிக்கவில்லை. ஏன் முதலாவது தாள் செல்லாது என்று நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒன்றாக மடித்துப் பைக்குள் வைத்தார். "கேட்டாக் காட்டலாம்" என்றார். என் பிழைக்கு ஒரு உபயோகம் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அந்த வசந்தம் முழுவதும் நான் வில்லரேப் படிக்கட்டுகளில் இரண்டாம் தரம் ஏறினேன். என்னோடு கிரயோல் தெரிந்த ஒருவர் வருவார். அவர் கேட்க வேண்டியவரைக் கேட்பார், நான் வீட்டுக்காரரிடம் பனி கேட்பேன். மே மாதத்தில் பனி பற்றிக் கேட்டும் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. முன்பு "இல்லை" என்ற வீடுகள் பலவற்றில் இப்போது "ஓம்" வந்தது. சங்கம், தொழிற்சங்கம், மாணவர் இயக்கம், கட்சி. ஆட்கள் அரசியலை விட்டுவிட்டு வரவில்லை. கொண்டுவந்து, உறவினர் வீட்டில் இருக்கும்வரை பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். பேராசிரியரின் புத்தகம் ஒரு வருடம் பிந்தியது, அதன் முடிவும் தலைகீழாக மாறி வந்தது. அதன் நன்றியுரையில் என் பெயர் இல்லை. பின்னிணைப்பில் "களப்பணியாளர் ஒருவரின் தவறு" என்று இரண்டு பக்கம் இருக்கிறது. அது நான்தான்.

விசாரணை நடந்த அன்று நான் அலுவலகத்தில் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு ரொஸ்லின் எடுத்தார்.

"அரசியலிலை இருந்தனீங்களோ எண்டு கேட்டவை. நான் கதைச்சன். மொழிபெயர்ப்பாளர் களைச்சுப்போனார். பிறகு அதிகாரியே, போதும், விளங்குது எண்டு நிப்பாட்டினவர்."

"முடிவு?"

"ஓம் எண்டு அங்கையே சொல்லிப்போட்டினம். இருக்கலாமாம்."

எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பி நின்றுகொண்டு வாழ்த்துச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"முதல் நாள் நீங்கள் வந்தநேரம், வில்னேரை வெளியிலை போகச் சொல்லுவியள் எண்டு நான் கடைசிக் கேள்வி வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அது எனக்குத் தமிழில்தான் வந்தது. என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை.